கரண்ட் அக்கவுண்டிலிருந்து சேவிங்ஸுக்குத் தேதி குறித்துப் பணம் மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

கடை வைத்திருப்பவர்கள், தனியாகத் தொழில் செய்பவர்கள் பலருக்கும் இரண்டு கணக்குகள் இருக்கும். வியாபாரப் பணம் வந்து போக ஒரு நடப்புக் கணக்கு, வீட்டுச் செலவுக்கும் சேமிப்புக்கும் ஒரு சேமிப்புக் கணக்கு. நடப்புக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. சேமிப்புக் கணக்கில் 2010 ஏப்ரல் 1 முதல் அன்றன்றைய இருப்புக்கு வட்டி கணக்கிடுகிறார்கள். வட்டியைவிடப் பெரிய லாபம், வீட்டுக்கு என்று ஒதுக்க வேண்டிய பணம் சரக்குக் கொள்முதலோடு கலந்து கரைந்து போகாமல் இருப்பது.

சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. நெட் பேங்கிங் தெரியாமல் தடுமாறுபவர்கள் குறைவு. வரிசை மாற்றிச் செய்து மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். உள்ளே போய்த் தேதி, தொகை போட்டு ஓடிபி கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தத் திரை இந்த வழிகாட்டியில் ஏழாவது படியாகத்தான் வருகிறது. முதல் ஆறும் ஒழுங்காக இருந்தால் ஏழாவதுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு கணக்குகளுக்கும் கடந்த மூன்று மாத ஸ்டேட்மெண்ட். பரிமாற்ற உரிமையோடு கூடிய நெட் பேங்கிங் லாகின் (பார்க்க மட்டும் அனுமதிக்கும் லாகின் இதற்குப் பயன்படாது). வங்கியில் பதிந்த செல்போன் எண். சேமிப்புக் கணக்கு வேறு வங்கியில் இருந்தால் அதன் எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் (வங்கியையும் கிளையையும் காட்டும் குறியீடு). நடப்புக் கணக்கின் கட்டணப் பட்டியல். வங்கியின் இணையதளத்திலேயே கிடைக்கும். அப்புறம் ஒரு தாள், ஒரு பேனா.

1. எது வேண்டும் என்று முதலில் தெளிவாகுங்கள்

தேதி குறித்துப் பணம் அனுப்புவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வரும் ஒரு தேதிக்கு ஒரே ஒரு தடவை. இதைப் பெரும்பாலும் செட்யூல்டு பேமெண்ட் என்பார்கள். இன்னொன்று, வாரா வாரமோ மாதா மாதமோ அதே தொகை திரும்பத் திரும்பப் போவது. இது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். இரண்டிலும் பணத்தை அனுப்புவது நீங்கள்தான்.

நாச் மேண்டேட், யுபிஐ ஆட்டோபே இரண்டும் வேறு. அவற்றில் நீங்கள் முன்கூட்டியே கொடுத்த அனுமதியை வைத்து எதிர்த்தரப்பு பணத்தை எடுத்துக்கொள்கிறது. கடன் தவணை, இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் அப்படித்தான் போகும். ஆட்டோ ஸ்வீப் என்பது ஒரு வரம்புக்கு மேல் உள்ள பணத்தை வங்கியே ஃபிக்சட் டெபாசிட்டாக மாற்றும் ஏற்பாடு. கிளையில் போய் “தானா பணம் போகணும்” என்று மட்டும் சொன்னால், இவற்றில் எதற்கான படிவத்தை வேண்டுமானாலும் நீட்டுவார்கள். ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வருமானம் மாதா மாதம் ஏறக்குறைய ஒரே மாதிரி வருபவர்களுக்கு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் பொருந்தும். சீசன் வியாபாரம் செய்பவர்களுக்கு, பட்டாசு, ஜவுளி, கல்யாண மண்டப வேலை போன்றவை, நான் அதைச் சொல்வதில்லை. அதில் தொகை நிலையானது. வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று போட முடியாது. அவர்கள் மாதத் தொடக்கத்தில் உட்கார்ந்து, அந்த மாதத்துக்கு மட்டும் இரண்டு மூன்று ஒருமுறைப் பரிமாற்றங்களைத் தேதி குறித்து வைப்பது நல்லது.

2. தாளில் மாதத்தை வரையுங்கள்

1 முதல் 31 வரை எண்களை எழுதி, நடப்புக் கணக்கிலிருந்து கட்டாயம் வெளியேறும் ஒவ்வொரு தொகையையும் அதனதன் தேதிக்கு எதிரே எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதாமல், மூன்று மாத ஸ்டேட்மெண்டைப் பார்த்து எழுதுங்கள். வங்கி பிடிக்கும் எஸ்எம்எஸ் கட்டணம் போன்றவை நினைவில் வராது.

வரித் தேதிகளையும் சேருங்கள். மாதா மாதம் ஜிஎஸ்டி கட்டுபவர்களுக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி. காலாண்டு முறையில் இருக்கும் தமிழ்நாட்டுக் கடைகளுக்கு, காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கான வரியை அந்தந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 25க்குள் சலான் வழியாகவும், மூன்றாவது மாதம் முடிந்த பிறகு 22க்குள் ரிட்டர்னோடும் கட்ட வேண்டும். டிடிஎஸ் (பிறருக்குப் பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பவர்களுக்கு 7. பிஎஃப், இஎஸ்ஐ உள்ளவர்களுக்கு 15. அட்வான்ஸ் டாக்ஸ் கட்டுபவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15.

உதாரணத்துக்கு ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். 1ஆம் தேதி ஊழியர் சம்பளம் 24,000. 5ஆம் தேதி வாடகை 18,000. 7ஆம் தேதி வண்டிக் கடன் தவணை 11,500. 20ஆம் தேதி ஜிஎஸ்டி சுமார் 9,000. இது போக, வாரத்துக்கு ஒரு முறை மொத்த வியாபாரிக்கு 30,000 ரூபாய் காசோலை. முதல் ஏழு நாளில் மட்டும் 83,500 ரூபாய் வெளியேறுகிறது. இந்தக் கடைக்கு 28ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 7 வரை சேமிப்புக்கு எதுவும் போகக் கூடாது. 9க்குப் பிறகு போகலாம். ஆனால் பலர் போடும் தேதி 1! சம்பளக்காரர்களின் பழக்கம் அது. அவர்களுக்கு 1ஆம் தேதி பணம் வருகிறது. கடைக்காரருக்கு அன்றுதான் போகிறது.

காசோலை விஷயத்தில் இன்னொன்று. “இன்னிக்குக் கொடுத்த செக், நாளை மறுநாள்தான் வரும்” என்று நம்பி இருப்பை வேறு பக்கம் திருப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகளை நாள் முழுக்கத் தொடர்ந்து கிளியர் செய்யும் முறை வந்துவிட்டது. காலையில் போட்ட காசோலைக்கான பணம் அன்று மாலைக்குள்ளேயே உங்கள் கணக்கிலிருந்து போய்விடலாம். ஆகவே காசோலை கொடுக்கும் நாளையே பணம் போகும் நாளாக எழுதுங்கள்.

வரவுப் பக்கமும் வேண்டும். கியூஆர் வழியாக வரும் பணம் உடனே வருகிறதா, மறுநாள் மொத்தமாக வருகிறதா என்று ஸ்டேட்மெண்டில் பாருங்கள். கார்டு மிஷின் பணம் பெரும்பாலும் மறு வேலை நாளில்தான் வரும். ஞாயிறு வியாபாரம் ஜோராக இருந்தாலும், திங்கள் காலை இருப்பு குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

3. கீழே இறங்கக் கூடாத இருப்பை முடிவு செய்யுங்கள்

எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு முன், எவ்வளவு நிற்க வேண்டும் என்று தெரிய வேண்டும். அடுத்த பத்து நாளில் கட்டாயம் போக வேண்டியவை, வங்கி கேட்கும் மினிமம் பேலன்ஸ், வங்கிக் கட்டணங்களுக்கு ஒரு சிறு தொகை (கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு). இவை மூன்றும் சேர்ந்ததுதான் அந்த இருப்பு.

மினிமம் பேலன்ஸில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பல நடப்புக் கணக்குகளில் அது மாத சராசரியாகவோ காலாண்டு சராசரியாகவோ கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, நாட்களால் வகுப்பார்கள். ஆகவே எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பது மட்டும் போதாது, எந்தத் தேதியில் அனுப்புகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும்.

30 நாள் மாதம், சராசரி 10,000 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் இருப்புகளின் கூட்டல் 3,00,000 வர வேண்டும். முதல் 10 நாள் 25,000 இருந்து, மீதி 20 நாள் 2,500 இருந்தால் 2,50,000 கூட்டல் 50,000, மிகச் சரியாக 3,00,000. அதே பணத்தை ஒரே ஒரு நாள் முன்னதாக அனுப்பியிருந்தால் 2,25,000 கூட்டல் 52,500, அதாவது 2,77,500. சராசரி 9,250. அபராதம். தேதியை மாதத்தின் பின்பாதிக்குத் தள்ளினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வட்டிக்கு ஆசைப்பட்டு இந்த இருப்பைச் சுரண்டாதீர்கள். சேமிப்பு வட்டி ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்றால், ஒரு லட்சம் ரூபாய் 10 நாள் அங்கே இருந்து சம்பாதிப்பது சுமார் 68 ரூபாய். ஒரு காசோலை திரும்பினால் வங்கி பிடிக்கும் கட்டணம் அதைத் தாண்டிவிடும். மொத்த வியாபாரியிடம் கெட்டுப்போகும் பெயரைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது.

ஓவர் டிராஃப்ட் (ஓ.டி.), அதாவது இருப்புக்கு மேல் கடனாக எடுக்கும் வசதி உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திரையில் “எடுக்கக்கூடிய தொகை” என்று காட்டுவது உங்கள் சொந்தப் பணத்தோடு கடன் வரம்பையும் சேர்த்த தொகை. குறித்த நாளில் சொந்தப் பணம் இல்லாவிட்டாலும் பரிமாற்றம் நிற்காது. கடனிலிருந்து எடுத்து சேமிப்புக்குப் போகும். இங்கே கடன் வட்டி, அங்கே சேமிப்பு வட்டி. தொழிலுக்கு என்று கொடுத்த கடனை வீட்டுக் கணக்குக்குத் திருப்பியதாகவும் வங்கி கேள்வி கேட்கலாம். ஓ.டி. உள்ள கணக்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் வேண்டாம் என்பதே என் முடிவு. இருப்பைப் பார்த்துக் கையால் அனுப்புங்கள்.

4. இரண்டு கணக்கும் உண்மையில் யாருடையவை?

தனி உரிமையாளர் கடை என்றால் சட்டப்படி இரண்டும் உங்களுடையவைதான். அங்கிருந்து எடுப்பது உங்கள் சொந்த எடுப்பு, கடைச் செலவில் சேராது. ஆனால் வங்கியின் கணினிக்கு அப்படித் தெரியாமல் இருக்கலாம். கடைப் பெயரில் ஒரு வாடிக்கையாளர் எண், உங்கள் பெயரில் இன்னொரு வாடிக்கையாளர் எண் என்று இரண்டாக இருந்தால், “சொந்தக் கணக்குகளுக்கு இடையே” என்ற பகுதியில் மற்றக் கணக்கு வராது.

ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி இதனால் நெடுநேரம் குழம்பினார். “ரெண்டும் ஒரே பேங்க், ஒரே பிராஞ்ச், எம்பேருதான், ஏன் சார் காட்ட மாட்டேங்குது?” என்று கேட்டார். காரணம் இதுதான். வழி இரண்டு: கிளையில் எழுதிக் கொடுத்து இரண்டு எண்களையும் இணைப்பது, அல்லது உங்கள் சேமிப்புக் கணக்கையே பெனிஃபிஷியரியாக (பணம் பெறுபவராக) சேர்ப்பது. இரண்டாவது அன்றே முடிந்துவிடும்.

பார்ட்னர்ஷிப், கம்பெனி என்றால் இந்த வழிகாட்டியை அப்படியே பின்பற்ற வேண்டாம். நிறுவனத்தின் பணம் பங்குதாரரின் சேமிப்புக் கணக்குக்குப் போவது, ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போவது. அது சம்பளமா, எடுப்பா, கடனா என்று ஆடிட்டர் சொன்ன பிறகே தேதி குறியுங்கள். இத்தகைய கணக்குகளில் ஒருவர் பதிவு செய்து இன்னொருவர் ஒப்புதல் தரும் முறையும் இருக்கும். குறித்த தேதிக்குள் ஒப்புதல் தராவிட்டால் பரிமாற்றம் நடக்காது. ஒப்புதல் தருபவர் வெளியூரில் இருந்தார் என்பதற்காக வங்கி காத்திருக்காது.

கூட்டுக் கணக்கிலும் பாருங்கள். “இருவரும் சேர்ந்து” இயக்கும் கணக்குகளுக்கு நெட் பேங்கிங்கில் பரிமாற்ற உரிமை பொதுவாகக் கிடைக்காது. “யாராவது ஒருவர்” என்று இருந்தால் கிடைக்கும்.

5. பணம் போகும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டும் ஒரே வங்கியில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். வங்கிக்குள் நடக்கும் மாற்றம் உடனே நடக்கும், வழியில் சிக்காது.

வெவ்வேறு வங்கி என்றால் தேதி குறித்த பரிமாற்றத்துக்கு நெஃப்ட்டே (வங்கி விட்டு வங்கிக்குப் பணத்தைத் தொகுப்பு தொகுப்பாக அனுப்பும் முறை) போதும். 2019 டிசம்பர் 16 முதல் அது எல்லா நாளும் 24 மணி நேரமும் இயங்குகிறது. அரை மணிக்கு ஒரு தொகுப்பாக, நாளுக்கு 48 தொகுப்புகள். பெரிய தொகைகளுக்கான ஆர்டிஜிஎஸ் 2 லட்சத்துக்குக் கீழ் போகாது. ஐஎம்பிஎஸ் உடனே சேரும், ஒரு தடவைக்கு 5 லட்சம் வரை. உங்கள் வங்கி அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம். இரண்டு நாள் முன்பே திட்டமிட்ட பணம் அரை மணி தாமதமாகச் சேர்ந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

கட்டணத்தில் ஒரு வேறுபாடு உண்டு. சேமிப்புக் கணக்கிலிருந்து இணையவழியில் செய்யும் நெஃப்ட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நடப்புக் கணக்கிலிருந்து அனுப்பும்போது வங்கியின் கட்டணப் பட்டியலைப் பாருங்கள். அங்கே கட்டணம் இருந்தால், வாரா வாரம் சிறிதாக அனுப்புவதை விட்டு மாதம் இரண்டு தடவையாக மாற்றிக்கொள்ளலாம்.

6. பெனிஃபிஷியரி சேர்த்து, பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள்

புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் சில மணி நேரமோ, ஒரு நாளோ, அதற்கு மேலோ குறைந்த தொகைதான் அனுப்ப முடியும் என்று வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஆகவே குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே சேர்த்துவிடுங்கள். கடைசி நாளில் சேர்த்து, முழுத் தொகையையும் மறுநாளுக்குக் குறித்தால் வரம்பில் மோதும்.

நெஃப்ட்டில் பணம் சேர்வது கணக்கு எண்ணை வைத்துத்தான். பெயர் தவறாக இருந்தாலும் எண் யாருடையதோ அவருக்குப் போய்விடும். ஒரு எண்ணை மாற்றிப் போட்டால் ஊர் பேர் தெரியாதவர் கணக்குக்கு மாதா மாதம் போகும். இப்போது நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றங்களுக்கும், கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் கொடுத்தால் உரியவர் பெயரைக் காட்டும் வசதி வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 1க்குள் அதைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. திரையில் உங்கள் பெயர் வந்த பிறகே மேலே போங்கள்.

ஐஎஃப்எஸ்சியில் 11 இடங்கள். முதல் நான்கு எழுத்துகள் வங்கி, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு கிளை. அந்த ஐந்தாவது இடத்தில் “ஓ” எழுத்தைத் தட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. பழைய பாஸ்புக்கைப் பார்த்துப் போடுவது இன்னொன்று. வங்கிகள் இணைந்தபோது பல குறியீடுகள் மாறிவிட்டன. கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைந்தது, அதன் பழைய குறியீடுகள் பிறகு செல்லாமல் போயின. அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு இணைந்தபோதும் அப்படித்தான். பழைய குறியீட்டோடு சேமித்து வைத்த பெனிஃபிஷியரி இருந்தால் நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

சேர்த்ததும், நாளைய தேதிக்குப் பத்து ரூபாய் குறித்து வையுங்கள். “இப்போதே அனுப்பு” என்று சோதிக்காதீர்கள். இன்று அனுப்பினால் கணக்கு எண் சரி என்பது மட்டுமே தெரியும். நாளைக்குக் குறித்தால் இன்னும் இரண்டு விஷயம் தெரியும்: உங்கள் வங்கி இந்த வேலையை எத்தனை மணிக்கு ஓட்டுகிறது, எஸ்எம்எஸ் வருகிறதா இல்லையா.

அந்த நேரம் மிக முக்கியம். சில வங்கிகள் அதிகாலையிலேயே ஓட்டிவிடும், சில பகலில் ஓட்டும். அதிகாலை என்றால், அன்று காலை வரப்போகும் பணத்தை நம்ப முடியாது. முந்தைய இரவே இருப்பு இருக்க வேண்டும். “மதியம் பார்த்தா பணம் இருந்துச்சு, ஆனா போகலையே” என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

7. இப்போது திரைக்கு வாருங்கள்

ஒவ்வொரு வங்கியிலும் மெனு பெயர் மாறும். ஆனால் கேட்கும் விவரங்கள் ஏறக்குறைய ஒன்றே.

எந்தக் கணக்கிலிருந்து: பட்டியலில் முதலில் வருவதை அப்படியே விட்டுவிடாதீர்கள். கடைசி நான்கு எண்களைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். திசை மாறிப் போவது இங்கேதான்.

தொகை: இரண்டாம், மூன்றாம் படிகளின்படி, நிற்க வேண்டிய இருப்புக்கு மேல் மிஞ்சும் தொகையில் முதல் மூன்று மாதம் முக்கால் பங்கு மட்டும் போடுங்கள். தாளில் போட்ட கணக்கு சரியா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

எப்போது: “இப்போதே”, “பிறகு”, “திரும்பத் திரும்ப” என்று மூன்று தேர்வுகள் இருக்கும். பெரும்பாலும் முதலில் தேர்வாகி நிற்பது “இப்போதே”. அதை மாற்றாமல் ஓடிபி கொடுத்துவிட்டு, பணம் போனது தெரியாமல் மறுபடி ஒரு முறை குறிப்பவர்கள் உண்டு. அந்த மாதம் இரண்டு தடவை போய்விடும்.

முதல் தேதி: நாளை அல்லது அதற்குப் பிறகு. இன்றைய தேதியைப் பல வங்கிகள் ஏற்பதில்லை. இந்த மாதம் இன்றே போக வேண்டும் என்றால், இன்றையதைக் கையால் அனுப்பிவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து தொடங்கும்படி போடுங்கள்.

29, 30, 31 ஆகிய தேதிகளைத் தவிருங்கள். பிப்ரவரியில் என்ன ஆகும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். கடைசி நாளுக்கு வரலாம், மார்ச் முதலுக்குத் தள்ளலாம், அந்த மாதமே விட்டுப் போகலாம். மார்ச் 31, ஏப்ரல் 1 இரண்டும் கூடாது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலையில் வங்கி இருக்கும், உங்கள் கணக்கிலும் ஒரு கால் இந்த ஆண்டில், மறு கால் அடுத்த ஆண்டில் நிற்கும்.

விடுமுறை நாளில் வந்தால் என்ன என்பதையும் திரையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நெஃப்ட் ஞாயிறும் ஓடும் என்பது உண்மை. ஆனால் உங்கள் வங்கி தன் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்களை ஞாயிறு, இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் ஓட்டுகிறதா என்பது வேறு கேள்வி. மறு வேலை நாளுக்குத் தள்ளுவார்கள் என்றால், அந்த இரண்டு நாள் இடைவெளிக்கும் உங்கள் தாளில் இடம் இருக்க வேண்டும்.

முடியும் தேதி: காலியாக விடாதீர்கள், பத்து வருடம் தள்ளியும் போடாதீர்கள். 12 தடவை போடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை கட்டாயமாக உட்கார்ந்து தொகையைத் திருத்த அது வழி செய்யும். முடியும் மாதத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், ஏனெனில் கடைசித் தவணை போன பிறகு வங்கி உங்களுக்கு நினைவூட்டும் என்று நம்ப முடியாது.

குறிப்பு: ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், சுருக்கமாக. சிறப்புக் குறிகளைச் சில வங்கிகளின் திரை ஏற்காது. வீட்டுச் செலவு, ஜிஎஸ்டி ஒதுக்கீடு, பள்ளிக் கட்டணம் என்று நோக்கம் தெரிய எழுதினால், ஆண்டு முடிவில் கணக்கு எழுதுபவர் உங்களுக்குப் போன் போட மாட்டார்.

ஓடிபி கொடுத்ததும் ஒரு எண் வரும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். திரை சுற்றிக்கொண்டே இருந்தால் பின்னோக்கிப் போகாதீர்கள், மறுபடி அழுத்தாதீர்கள். வெளியே வந்து திரும்ப உள்ளே போய், குறித்தவற்றின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை முடிந்தது. இரண்டு இருந்தால் ஒன்றை நீக்குங்கள்.

8. திரும்பி வரும் வழியையும் போடுங்கள்

பலர் ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஜிஎஸ்டிக்கு ஒதுக்கிய பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால், 18ஆம் தேதிக்கு அது நடப்புக் கணக்குக்குத் திரும்பி வரும்படி ஒரு பரிமாற்றம் குறியுங்கள். 20க்கு முன் இரண்டு நாள் கையில் இருக்கும். தவறினாலும் சரி செய்ய நேரம் உண்டு.

இங்கே தொகை மாதா மாதம் மாறும். ஆகவே இது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனாக வேண்டாம், ஒவ்வொரு மாதமும் வரித் தொகை தெரிந்ததும் ஒருமுறைப் பரிமாற்றமாகவே குறியுங்கள்.

இரண்டு திசைப் பரிமாற்றங்களும் ஒரே நாளில் விழக் கூடாது. எது முதலில் ஓடும் என்பது உங்கள் கையில் இல்லை.

கடன் தவணை நாளுக்கும் இதே இடைவெளி வேண்டும். 2021 ஆகஸ்ட் 1 முதல், தவணை பிடிக்கும் நாச் முறை எல்லா நாளும் இயங்குகிறது. தவணை தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கள்தான் பிடிப்பார்கள் என்ற பழைய நம்பிக்கை இப்போது உதவாது.

9. ஓடவிட்ட பிறகு பார்க்க வேண்டியது

முதல் மூன்று மாதம், குறித்த தேதிக்கு முந்தைய மாலை இருப்பைப் பாருங்கள். மறுநாள் இரண்டு கணக்கையும் பாருங்கள். ஒரு பக்கம் பற்று வந்தால் மட்டும் போதாது, மறுபக்கம் வரவும் வந்திருக்க வேண்டும். இருப்புக் குறைந்தால் எஸ்எம்எஸ் வரும் வசதி இருந்தால், மூன்றாம் படியில் முடிவு செய்த தொகையை அதில் போடுங்கள்.

தொகையைத் திருத்தும் வசதி எல்லா வங்கியிலும் இல்லை. இல்லாவிட்டால் புதியதைப் போட்டு, அது பட்டியலில் வந்ததும் பழையதை நீக்குங்கள். நீக்குவதற்கும் கெடு உண்டு. குறித்த தேதிக்கு முந்தைய நாளோடு முடிந்துவிடும் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் முன்பே செய்துவிடுங்கள். செல்போன் ஆப்பில் போட்டதை ஆப்பிலும், கிளையில் எழுதிக் கொடுத்ததைக் கிளையிலும்தான் நிறுத்த முடியும் என்ற நிலை சில வங்கிகளில் இருக்கிறது.

10. போகவில்லை என்றால்

முதலில் எங்கே நின்றது என்று பாருங்கள். நடப்புக் கணக்கிலிருந்து பணம் கழியவே இல்லை என்றால் பரிமாற்றம் தொடங்கவில்லை. இருப்புப் போதாமை, தினசரி வரம்பு, கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) புதுப்பிக்காமல் கணக்கு முடக்கப்பட்டிருப்பது, இவற்றில் ஒன்றாக இருக்கும். சில வங்கிகள் மறுநாள் மீண்டும் முயலும், சில முயலாது. அது தெரியாமல் உடனே கையால் அனுப்பினால் இரண்டு தடவை போகும். குறித்தவற்றின் பட்டியலில் அதன் நிலை “தோல்வி” என்று வந்திருக்கிறதா, “நிலுவை” என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். மூன்று தடவை தொடர்ந்து தவறினால் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனையே ரத்து செய்யும் விதி உங்கள் வங்கியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பணம் கழிந்தது, ஆனால் சேமிப்புக் கணக்குக்கு வரவில்லை என்றால் யுடிஆர் எண்ணை (அந்தப் பரிமாற்றத்துக்கான தனி அடையாள எண்) எடுங்கள். நெஃப்ட்டுக்கு அது 16 இடங்கள், ஆர்டிஜிஎஸ்ஸுக்கு 22. நெஃப்ட் பணத்தை, அந்தத் தொகுப்பு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரவு வைக்க வேண்டும் அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். தாமதித்தால், ரெப்போ விகிதத்தோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும் என்பது விதி. ஐஎம்பிஎஸ்ஸில் சேராத பணம் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. புகாரை எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிப்பவர்) இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் இல்லை.

நீங்கள் போடாத ஒரு பரிமாற்றம் பட்டியலில் இருந்தால், அது வேறு கதை. முதலில் அதை நீக்குங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயேவிட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். உங்கள் தவறு எதுவும் இல்லாத மோசடியில் மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்று 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது.

கணக்கு ஒன்றை மூடப் போகிறீர்கள் என்றால், அதற்குப் போகும், அதிலிருந்து வரும் எல்லாப் பரிமாற்றங்களையும் முதலில் நீக்கிவிட்டு, ஒரு மாதம் காத்திருந்து பிறகு மூடுங்கள். மூடிய கணக்குக்கு அனுப்பிய பணம் திரும்பி வந்துவிடும்தான். ஆனால் அது திரும்பி வந்தது யார் கண்ணிலும் படாமல், வீட்டுக்குப் போக வேண்டிய பணம் மாதக்கணக்கில் நடப்புக் கணக்கிலேயே கிடந்ததைப் பல ஸ்டேட்மெண்டுகளில் பார்த்திருக்கிறேன்.